கற்பகவல்லி இல்லாத வீடியோ

ஜூன் 5, வியாழன்

கோட்டைச்சாமி நாசமாய்ப் போக.

முதல் வரியே இப்படித்தான் வருகிறது, என்ன செய்ய. "போன்ல யாருக்கும் பதில் போடாதீங்க சிஸ்டர். கோவத்த எங்கயாவது எழுதி வச்சிருங்க. ரெண்டு நாள்ல அடங்கிரும்" என்று டாக்டர் நஸ்ரின் சொன்னார். சின்ன வயசு டாக்டர். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மருந்துக் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி பீரோவில் வெள்ளையாகக் கிடந்தது, அதை எடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் அடங்குகிற கோபமா இது?

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். கீழச்சுனையூரிலிருந்து என் ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். என் ஆட்கள் என்றால், இந்த ஊர்க் கிராம நர்ஸ் தெய்வக்கனியாகிய நான் பேர் பதிந்து வைத்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகள். அதில் ஒருத்தி கற்பகவல்லி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை, தலைப்பிரசவம், எட்டாம் மாதம். பிரஷர் ஏறியிருந்தது. காலில் நீர் வேறு. டாக்டர் பயந்துபோய், "இதை விட்டா வலிப்பு வந்துரும் சிஸ்டர், தாயும் போயிரும் பிள்ளையும் போயிரும்" என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இவளானால் கொடுத்த மாத்திரை அட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே பையில் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, கையில் இருக்கிற போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மாத்திரை முழுங்கத் தெரியாதாக்கும் என்று ஒரு சத்தம் போட்டேன். அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து போடுகிற சத்தம். எல்லா நர்ஸும் போடுகிற சத்தம்.

அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க வந்து உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமி அதைப் போனில் பிடித்திருக்கிறான். ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவன். 'சுடச்சுட நம்மூரு' என்று போனில் ஒரு சேனலும் வைத்திருக்கிறான். நேற்றுப் போட்டுவிட்டான். 'ஏழைக் கர்ப்பிணியை விரட்டும் அரசு நர்ஸ்' என்று சிவப்பு எழுத்து, பின்னால் எழவு வீட்டு மியூசிக். அதற்கு முன்னால் நான் அவளைப் படுக்க வைத்தது, இரண்டு தடவை பிரஷர் பார்த்தது, என் பாட்டில் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தது எல்லாம் எங்கே போயிற்று? வெட்டிவிட்டான்.

என் மூஞ்சி அதில் பேய் மாதிரி இருக்கிறது.

ஜூன் 7, சனி

பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் குரல். நான் திட்டியதை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, அதற்கு வாயசைத்து ஆடுகிறார்களாம். எவளோ ஒருத்தி இடுப்பில் கைவைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னை மாதிரி நடிக்கிறாள். நான் எப்போது துண்டு கட்டினேன்?

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்தான் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி என்று தெரியாமல் என்னிடமே, "ஆன்ட்டி, பேக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா" என்று கேட்டாள் ஒருத்தி. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது. வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடுமே.

மகள் சென்னையிலிருந்து பேசினாள். "ஏம்மா இப்படிப் பேசுன?" என்றாள். ஊரைக் கூட்டிப் படம் போட்டவனை ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டைக் கூட்டும்போது மெத்தைக்கு அடியில் இவருடைய சுகர் மாத்திரை ஒரு கை கிடைத்தது. கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், ஊருக்கே மாத்திரை கொடுக்கிறவளின் புருஷன், மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டு வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார். எவனோ ஒரு தாடிக்காரன் போனில் சொல்கிறானாம். வெள்ளை வேட்டி, பின்னால் அருவிப் படம், 'அன்பு உறவுகளே' என்று ஆரம்பிப்பானாம்.

"நான் சொன்னா கேக்க மாட்டீங்க, அவன் சொன்னா கேப்பீங்களோ" என்றேன்.

"அவரு பதமாச் சொல்றாரு. பொறுமையா, மூணு தடவ சொல்றாரு. நீ ஒரு தடவ கேட்டா நாய் மாதிரி விழுற."

சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பரிமாறவில்லை. அவரே போட்டுத் தின்னட்டும்.

ஜூன் 11, புதன்

தடுப்பூசி நாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கே அங்கன்வாடியில் போய் உட்கார்ந்தேன். மற்ற புதன்கிழமைகளில் பிள்ளைகள் அழுகிற சத்தத்தில் காது அடைத்துப்போகும். இன்று ஒரே ஒருத்தி வந்தாள், அவளும் வெளியூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவள், ஊர்ச் செய்தி தெரியாதவள்.

அங்கன்வாடி டீச்சர் வீரலட்சுமிதான் துணை. "வாட்ஸப் குரூப்ல போட்டு விட்டுருக்காளுகக்கா. நர்சு ஊசியில கோவத்தக் காட்டிருவா, புள்ளைக்கு ஆகாதுன்னு" என்றாள். நான் கேட்டேன், ஊசியில் எப்படிக் கோபத்தைக் காட்டுவது, அது சிரிஞ்சியில் ஏறுமா? வீரலட்சுமி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் இருபது வயசுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொருத்தர் தொடையும் என் ஊசி பார்த்த தொடை. போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாகப் போய்க் கருவைமுள் குத்தின காலோடு நடந்தவள் நான். முப்பது விநாடி படத்தில் எல்லாம் போயிற்று.

திறக்காத மருந்தைத் திரும்பக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

யாரும் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மேலிடத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, "இனிமே பாத்துப் பேசுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவருடைய டிரைவர் கேட்டான். நான் பார்த்த பார்வையில் ஓடிவிட்டான்.

அவர்கள் போன பிறகு டாக்டர் நஸ்ரின் கேட்டார்: "அந்தப் பொண்ணு எப்படியிருக்கா சிஸ்டர்?"

எந்தப் பொண்ணு என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

"வீடியோல இருக்காளே, கற்பகவல்லி. பிரஷர் பாத்தீங்களா அப்புறம்?"

அவளுக்கென்ன கேடு. அவளால்தான் எனக்கு இந்த அசிங்கம். ஊரே அவளுக்காக உச்சுக் கொட்டுகிறது. செவ்வாய்க்கிழமை வருவாள், பார்க்கிறேன் என்றேன். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கற்பகவல்லி வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மேலத்தெருவில் நடு வீடு. நான் நடக்க நடக்க ஒவ்வொரு வாசலாகப் பேச்சு நின்றது. அவள் மாமியார் சீனியம்மாள் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீனியம்மாளின் மகனுக்கு, அதாவது கற்பகவல்லி புருஷன் அய்யனாருக்கு, இதே வீட்டில் அவன் பிறந்த அன்று தொப்புள்கொடி அறுத்த நர்ஸைப் பற்றி என்னென்ன பெருமை பேசுவாள். அது எனக்கு முன்னால் இருந்த நர்ஸ்தான் என்றாலும், நர்ஸ் என்ற மரியாதை இருக்க வேண்டாமா?

"அவ இங்க இல்ல நர்சம்மா. ஞாயித்துக்கெழம வளைகாப்புப் போட்டு வெள்ளச்செவலுக்கு, அவுக அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. தலப்பிரசவம்ல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

"உங்களுக்குத்தான் ஊர்ப்பட்ட சோலி இருக்கே" என்றாள்.

குத்தல். சரி, போகட்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அது ஊர் வழக்கம். இனி அவள் வெள்ளைச்செவல் நர்ஸ் செல்வராணியின் பொறுப்பு. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. என் தலைவலி இன்னொருத்தி தலைக்குப் போனது.

ஜூன் 18, புதன்

யோசிக்க யோசிக்க ஆத்திரமாக வருகிறது. இந்த ஊரில் எந்த வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள்? நர்சம்மா கையால் ஒரு வளையல் போட்டால் சுகப்பிரசவம் ஆகும் என்று வரிசையில் முன்னால் உட்கார வைப்பார்கள். வளைகாப்பு முடிந்தால் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் சட்டியோடு வீட்டுக்கு வரும். இந்தத் தடவை ஒரு பருக்கை வரவில்லை.

அதைவிட, காது குத்துக்கே இரண்டு நாள் ரேடியோ செட் கட்டி ஊரைத் தூங்கவிடாத ஜனம் இது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். ஒரு பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று செட் கூடக் கட்டாமல் கமுக்கமாக நடத்தியிருக்கிறார்கள். என்ன வன்மம் பாருங்கள். வீரலட்சுமியிடம் கேட்டேன், உனக்காவது சொன்னார்களா என்று. "எனக்கும் சொல்லலக்கா. யாருக்குமே சொன்ன மாதிரி தெரியல" என்றாள். அவளையும் என் ஆள் என்று சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூன் 21, சனி

செல்வராணிக்குப் போன் போட்டேன், கற்பகவல்லி விவரம் சொல்ல. லைன் கிடைக்கவில்லை. அவளே பார்த்துக்கொள்வாள், அவள் ஊருக்கு வந்த கர்ப்பிணியை அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

இவர் இன்று சீரகத் தண்ணீருக்கு மாறியிருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

நேற்றுக் காலையில் சுகாதார நிலையத்தில் நர்ஸ்களுக்கு மாதக் கூட்டம். வெள்ளைச்செவல் செல்வராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கற்பகவல்லிக்குப் பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் விழித்தாள்.

"எந்தக் கற்பகவல்லிக்கா? எங்க ஊருக்கு இந்த மாசம் யாரும் வளைகாப்பு முடிஞ்சு வரலையே. உங்க வீடியோல இருக்கிற பிள்ளையா? அவ அம்மாவ முந்தாநாள் பாத்தேன். எம்மக புருசன் வீட்லதான் இருக்கா, நல்லாருக்கான்னு சொல்லிச்சு."

வளைகாப்பே நடக்கவில்லை. ரேடியோ செட்டும் இல்லை, சாதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னால் எந்த நர்ஸும் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று தெரிந்து சொல்லியிருக்கிறாள் சீனியம்மாள். நானும் அவள் சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இத்தனை நாளும் பிரஷரோடு நான் நின்ற நிலைப்படிக்கு நாலு எட்டு உள்ளே இருந்திருக்கிறாள்.

டாக்டரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சீனியம்மாளை என்ன கேட்கலாம் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

சீனியம்மாள் என்னைக் கண்டதும் வாசலை அடைத்து நின்றாள். "உள்ள வராதீக. திரும்பவும் எவனாவது படம் புடிச்சா எம்மருமக நாண்டுக்கிட்டு நின்னுருவா."

கையை விலக்கிவிட்டு உள்ளே போனேன். உள்ளறையில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் உப்பி, கண் இடுங்கி, எனக்கே அடையாளம் தெரியவில்லை. தலைமாட்டில் போன் பாடிக்கொண்டிருந்தது. அதே தாடிக்காரன், அதே அருவி. "அன்பு உறவுகளே, கால் வீக்கம் என்பது குழந்தை வளர்வதன் நல்ல அறிகுறி" என்று பதமாக, பொறுமையாக, மூன்று தடவை சொன்னான்.

"தல வலிக்கா?"

தலையாட்டினாள்.

"கண்ணு மங்கலா இருக்கா?"

"பூச்சி பறக்கு."

பிரஷர் பார்த்தேன். எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. 108-க்குப் போன் செய்தேன். கற்பகவல்லி எழுந்து உட்கார்ந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வர மாட்டேன். செத்தாலும் இங்கயே சாவேன்."

திட்ட வாயெடுத்தேன். பழக்கம். அதற்குள் அவள் பேசினாள். சத்தம் இல்லாமல், என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"மாத்திர போட்டா புள்ள வளராதுன்னு போன்ல சொன்னாக. அத உங்ககிட்ட கேக்கணும்னுதான் அன்னைக்குப் போன எடுத்து வச்சுக்கிட்டு இருந்தேன். கேக்கதுக்குள்ள நீங்க சொல்லிட்டீக. 'புருசங்கூடப் படுக்கத் தெரியுது, மாத்திர முழுங்கத் தெரியாதாக்கும்'னு. தீப்பெட்டி ஆபீஸ்ல நான் போனா அதத்தான் சொல்லிச் சிரிக்காளுக. ஆம்பளையளும் சொல்றாக. எங்க வீட்டுக்காரருக்கு லாரி செட்ல அதுதான் பேரு. எங்க தம்பி போன்ல கூட வந்துருச்சு நர்சம்மா. நீங்க சத்தம் போட்டது போகட்டும். எல்லாரும் பாத்துட்டாக."

நான் சொன்னதின் முன் பாதியை இந்த டைரியில் எழுதவில்லை. எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரமாக அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியைத்தான் பார்த்தேன். எனக்கு எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்கிறவளின் முகமும் அதில் தெளிவாகத் தெரிகிறது. அவள் முகத்தை மறைக்க வேண்டும் என்று கோட்டைச்சாமிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

108 வந்துவிட்டது. மேலத்தெருவுக்குள் வண்டி நுழையாது, கிழக்கே தெரு முனையில் நிற்க வேண்டும். சைரன் கேட்டதும் தெரு முழுக்க ஆள் கூடிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்துக் கைக்கு எட்டுக் கையில் போன். எல்லாருக்கும் முன்னால், வாசலுக்கு நேராக, கோட்டைச்சாமி. "நேயர்களே" என்று ஆரம்பித்தும் விட்டான். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்த பையனை அவர்கள் வழிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள், அதுவும் படம் பிடித்துக்கொண்டே.

கற்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். நிலையைப் பிடித்த கை இன்னும் இறுகியது. போர்வையால் மூடிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். "மூடுனா பொணம்னு போடுவாக" என்றாள். அதுவும் சரிதான். போடுவான்.

எனக்கு என்ன தோன்றியதென்றால், இந்த நாய்களுக்கு வேண்டியது நான். நான் திட்டுவது. அதை இரண்டாம் தடவையும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். சீனியம்மாளைக் கூப்பிட்டு, "நான் கூட்டத்த மேற்கால இழுத்துட்டுப் போறேன். தெரு காலியானதும் பிள்ளையத் தூக்கி வண்டியில ஏத்திருங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றேன். என்ன நினைத்தாளோ, தலையாட்டினாள். கற்பகவல்லியிடம், "ஒருத்தன் போன்லயும் நீ வர மாட்ட" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

வெளியே போனேன். நேராகக் கோட்டைச்சாமியிடம் போய் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். மேற்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். ஓடவில்லை, நடந்தேன். ஓடினால் சீக்கிரம் பிடித்துவிடுவான்.

"ஏய் நர்சம்மா, போனக் குடுங்க" என்று அவன் பின்னால் வந்தான். அவன் பின்னால் கூட்டம் வந்தது. நடந்துகொண்டே பேசினேன். "உங்கம்மா சுகர் மாத்திரைக்கு எங்கிட்ட வந்து பல்ல இளிப்ப, ஆஸ்பத்திரிக்குள்ள பொம்பளைக வயித்தப் படம் புடிப்ப, என்ன பொழப்புடா இது. உம்பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்தப்ப நான் ஒரு படம் எடுத்து ஊருக்குக் காட்டிருந்தா எப்படி இருந்துருக்கும்" என்றேன். இது எழுதக்கூடியது. எழுத முடியாததெல்லாம் அதற்குப் பிறகு பேசினேன். எனக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்கே தெரியாது. அவன் அப்பனை இழுத்தேன், தாத்தாவை இழுத்தேன், அவன் சேனலை இழுத்தேன். அந்தத் தாடிக்காரனுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். ஊரே நடந்துகொண்டு படம் பிடித்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஒருத்தன் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பி நின்றார்கள், முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

பொய்யாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அது பொய்யாக இருக்கவில்லை.

சைரன் கிளம்புகிற சத்தம் கேட்டது. போனை அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். யாரும் பின்னால் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதைப் போட வேண்டுமே.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேருமுன் டாக்டர் நஸ்ரின் வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டு, தானே கூட ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஆபரேஷன். பெண் பிள்ளை. குருவி மாதிரி இருக்கிறதாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய் உயிரோடு இருக்கிறாள்.

ஜூன் 28, சனி

'மீண்டும் பொங்கிய கெட்ட வார்த்தை நர்ஸ்.' இந்தத் தடவை மியூசிக் வேறு மாதிரி, சிரிப்பு மியூசிக். ஆறேழு பேர் ஆறேழு பக்கமிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு உன் வீடியோவ நீயே நூறு தடவ பாக்க" என்றார். பேசாமல் மாத்திரையைப் போடுங்கள் என்றேன்.

ஜூன் 30, திங்கள்

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பேரீச்சம்பழம் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன். வார்டு வாசலில் காவலுக்கு இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரி, சிரி.

சீனியம்மாள் கட்டிலிலிருந்து எழுந்து இடம் விட்டாள். கற்பகவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முகத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், இருபத்து மூன்று வயசுதான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாள்.

சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் வாயிலிருந்து வரவில்லை. இத்தனை வருஷமாக எதெதற்கோ திறந்த வாய். பிள்ளைக்குப் பால் பீய்ச்சி அனுப்புகிறாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நான் வந்துருக்கனா?"

"எங்க?"

"வீடியோல."

"இல்ல."

"நெசமாவா?"

போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். கற்பகவல்லி எழுந்து உட்கார்ந்தாள், தையல் வலிக்க. முதலில் கோட்டைச்சாமி போட்டதைப் பார்த்தாள். நான் அவன் தாத்தாவை இழுக்கிற இடத்தில்கூட அவள் முகம் மாறவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை அவள், எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"இந்தப் பச்ச சேல?"

"வீரலட்சுமி. அங்கன்வாடி டீச்சர்."

"எங்க வீட்டு வாசல் தெரியுதே."

"வாசல் மட்டுந்தான். யாரும் வரல, பாரு."

அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததைப் போட்டாள். எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் பார்த்தாள். அவள் கையோ காலோ சேலை நுனியோ ஒன்றிலும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"இது சாப்பிட்டுட்டா, சாப்பிடுறதுக்கு முந்தியா?"

சாப்பிட்டுவிட்டு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தாய்ப்பாலில் கலந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாள், ஒன்றும் ஆகாது என்றேன். அப்படியானால் போனில் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். அதற்கும் சொன்னேன். அவளுக்குக் கேட்க இன்னும் நிறைய இருந்தது. இவ்வளவு கேள்வியை வைத்துக்கொண்டா அன்றைக்குத் தலை குனிந்து நின்றாள்?

கிளம்பும்போது அவள் சிரிக்கவில்லை. நர்சம்மா என்றும் கூப்பிடவில்லை. அது அவள் இஷ்டம்.

ஜூலை 3, வியாழன்

மெமோ வந்துவிட்டது. பொது இடத்தில் தகாத வார்த்தை பேசியதற்கும் ஒருவரின் கைபேசியைப் பறித்ததற்கும் விளக்கம் தர வேண்டும். இரண்டாம் தடவை என்பதால் நடவடிக்கை இருக்கும். வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு.

டாக்டர் நஸ்ரின் கோபமாக இருந்தார். அவருக்குக் கோபம் வந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "நடந்தத நானே எழுதுறேன் சிஸ்டர். எதுக்காக அப்படிப் பண்ணீங்க, யாரக் காப்பாத்துனீங்க, எல்லாத்தையும். கூட்டம் எந்தப் பக்கம் போச்சு, அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் போனா, எல்லாம் எழுதுனா இந்த மெமோ நிக்காது."

"எழுதாதீங்க டாக்டர்" என்றேன்.

"ஏன்?"

"எழுதுனா அவ பேரு ஃபைல்ல ஏறும். ஃபைல்ல ஏறினா எவனாவது பேப்பர்காரனுக்குச் சொல்லுவான். அப்புறம் கோட்டைச்சாமி மைக்கைத் தூக்கிட்டு அந்த வார்டு வாசலுக்கு வருவான், 'நர்ஸ் காப்பாற்றிய தாயும் சேயும்'னு. அந்தப் பிள்ள திரும்பவும் அந்த உள்ளறைக்குள்ள போயிருவா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்க வேலை என்னாகும் சிஸ்டர்" என்றார்.

தெரியும். இந்த வேலையில்தான் மகளைப் படிக்க வைத்தேன். வேறு ஊரில் போய் முதலிலிருந்து ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும், அங்கேயும் எல்லார் போனிலும் என் மூஞ்சி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கோட்டைச்சாமி நன்றாக இருப்பான். தாடிக்காரன் அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு நன்றாக இருப்பான். இதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

விளக்கக் கடிதத்தை அவர் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். கோபத்தில் பேசிவிட்டேன், கோபத்தில் பறித்துவிட்டேன், வேறு காரணம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.